'போகணும்' சொல்பவர்களுக்கு 'கன்னா' ஏன் கசக்கிறது?

'கன்னா', 'வான்னா', 'ஷுடவ்' என்றெல்லாம் பேசுவது சோம்பேறித்தனம், படித்தவர்களுக்கு அழகில்லை. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் இந்த உபதேசம் ஓயாமல் ஓடுகிறது. உபதேசம் செய்பவர் வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் "நாளைக்கு ஊருக்குப் போக வேண்டும்" என்றா சொல்கிறார்? "போகணும்"னுதான் சொல்வார். அங்கே மட்டும் அது சோம்பேறித்தனம் இல்லையாம்.

அந்த 'ணும்' கண்டபடி தேய்ந்து வந்ததல்ல. 'வேண்டும்' என்பது 'வேணும்' ஆகி, அப்புறம் தலையும் போய் 'ணும்' ஆனது. ஆனால் "காசு வேணும்" என்பதை "காசணும்" என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. இன்னொரு வினையோடு ஒட்டித் துணைவினையாக நிற்கும்போது மட்டும்தான் தலை போகும். இது விதி. யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, ஆனாலும் யாரும் மீறுவதில்லை.

ஆங்கிலமும் இதையேதான் செய்கிறது. "ஐ ஆம் கோயிங் டு கால் யூ" என்பதில் 'கோயிங் டு' தேய்ந்து 'கன்னா' ஆகும். "ஐ ஆம் கோயிங் டு லண்டன்" என்பதில் ஒருநாளும் ஆகாது. முதல் வாக்கியத்தில் யாரும் எங்கேயும் போகவில்லை. 'கோயிங்' எதிர்காலத்தைக் காட்டும் வெறும் இலக்கண உறுப்பாகிவிட்டது. இரண்டாவதில் நிஜமாகவே ஒருவர் போகிறார். அதேபோல 'ஐ வில்' என்பது 'ஐல்' ஆகலாம். ஆனால் "வருவியா?" என்று கேட்டால் "யெஸ், ஐல்" என்று நிறுத்த முடியாது, "யெஸ், ஐ வில்"தான். நாமும் "போகணுமா?" என்ற கேள்விக்கு "ணும்" என்று பதில் சொல்வதில்லையே. இவ்வளவு ஒழுங்காக நடப்பதற்குப் பெயர் சோம்பேறித்தனமா, இலக்கணமா?

இந்தப் புலம்பல் ஒன்றும் புதிதல்ல. 1710இல் ஜொனாதன் ஸ்விஃப்ட் 'டாட்லர்' இதழில் இப்படிச் சுருக்கி எழுதுபவர்களைக் கிண்டலடித்தார். அவர் கேலி செய்த 'கான்ட்', 'குடன்ட்' எல்லாம் இன்று பள்ளிப் பாடப்புத்தகத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

நம் சிக்கல் வேறு. நாம் ஆங்கிலத்தைக் காதால் கற்கவில்லை, கண்ணால் கற்றோம். அதற்கான விலையை அலுவலக மீட்டிங்கில் கொடுக்கிறோம். அமெரிக்கர் பேச்சில் 'கேன்' வாக்கியத்தின் நடுவே சுருங்கி, 'கின்' மாதிரி ஓடிவிடும். 'கேன்ட்' சுருங்காது, அழுத்தமாக நிற்கும். ஆனால் அதன் கடைசி 'ட்' பெரும்பாலும் காதில் விழாது. அப்படியானால் அவர் காது எதை வைத்து இரண்டையும் பிரிக்கிறது? 'ட்'டை விட, அந்த அழுத்தத்தை வைத்துத்தான். நம்மாள் "ஐ கேன் ஃபினிஷ் இட்" என்று ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறார். எதிர்முனையில் அது 'முடியாது' என்று கேட்டுவிடக்கூடும். தெளிவாகப் பேசியதே வினையாகிவிடுகிறது. அவரை "உச்சரிப்பு சரியில்லை" என்று மட்டம் தட்டுவார்கள். 'முழுசாகச் சொல்வதுதான் சுத்தம்' என்று சொல்லித் தந்தவரை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

அதற்காக நாளையிலிருந்து எல்லோரும் 'கன்னா' சொல்லித் திரிய வேண்டியதில்லை. அலுவலக மெயிலில் அதை எழுதவும் வேண்டாம். தமிழ்க் கட்டுரையில் 'போக வேண்டும்', தெருவில் 'போகணும்' என்று மாற்றிக்கொள்ள நமக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இரண்டு தமிழைக் கூச்சமில்லாமல் கையாளத் தெரிந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் மட்டும் ஒன்றுதான் சரி, மற்றது அசிங்கம் என்று கற்பிப்பது இலக்கணப் பாடமல்ல. அது தாழ்வு மனப்பான்மையை ஃபீஸ் வாங்கிக்கொண்டு விற்பது.