கல்லூரிக் கதவு திறந்திருக்கும் அந்த 15 நாட்கள்

ஏப்ரல் 14 அண்ணல் அம்பேத்கரின் பிறந்தநாள். 2022 முதல் அதைச் சமத்துவ நாளாகக் கடைப்பிடித்து, அரசு அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் உறுதிமொழி எடுக்கிறோம். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் தொடங்கி மீஞ்சூர், பொன்னேரி கிராமங்கள் வரை அன்று அண்ணல் சிலைகளுக்கு மாலை விழுகிறது. அடுத்த சில வாரங்களில் பிளஸ் 2 தேர்வு முடிவு வந்துவிடும். நம் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிக்குள் போவார்களா, கன்டெய்னர் யார்டில் கூலிக்குப் போவார்களா என்பதை அதற்குப் பிறகு வரும் சில நாட்களே முடிவு செய்கின்றன.

ஓர் உதாரணம் சொல்கிறோம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2010-11 கல்வியாண்டிலிருந்து இலவசக் கல்வித் திட்டம் ஒன்று நடக்கிறது. இணைப்புக் கல்லூரிகளில் இளநிலைப் பட்டப்படிப்பில் சேரும் ஏழை மாணவர்கள் கட்டணமின்றிப் படிக்கலாம். குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. பெற்றோரை இழந்தவர்கள், கணவரை இழந்த பெண்களின் பிள்ளைகள், முதல் தலைமுறைப் பட்டதாரிகள் ஆகியோருக்கு முன்னுரிமை. நம் பகுதிப் பிள்ளைகளுக்கென்றே எழுதியது போன்ற திட்டம் இது. ஆனால் விண்ணப்பிக்க வழக்கமாகத் தரப்படுவது, தேர்வு முடிவு வெளியான நாளிலிருந்து 15 நாட்கள்தான்.

அந்த 15 நாட்களில் என்னவெல்லாம் நடக்க வேண்டும்? முதலில் இப்படி ஒரு திட்டம் இருப்பது காதில் விழ வேண்டும். பிறகு இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்குப் பதிய வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என மனு படியேற வேண்டும். ஒரு ஆவணம் குறைந்தால் திரும்பி வரும். எண்ணூர் விரைவுச் சாலையில் சரக்கு ஏற்றி இறக்கும் தகப்பனுக்கு, அலுவலகத்துக்கு அலையும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி நஷ்டம். வீட்டில் ஏற்கெனவே ஒரு பட்டதாரி இருக்கும் குடும்பத்தில் இந்தச் சான்றிதழ்கள் ஜனவரியிலேயே தயாராக இருக்கும். நம் வீடுகளில் தேர்வு முடிவு வந்த பிறகுதான் தேடத் தொடங்குகிறோம். மதிப்பெண்ணில் தோற்காத பிள்ளை தேதியில் தோற்றுப்போகிறது.

வாய்ப்புகள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கான இணையவழி விண்ணப்பத்தில் அண்மை ஆண்டுகளில் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் கட்டியது 2 ரூபாய் பதிவுக் கட்டணம் மட்டுமே. அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கி வைக்கப்பட்டதே வடசென்னையின் பாரதி மகளிர் கல்லூரியில்தான். மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. மத்திய, மாநில அரசுகள் 60:40 எனப் பகிரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு, 2021இல் வெளியான நெறிமுறைப்படி வருமான வரம்பு 2.5 லட்சம். சுயநிதிக் கல்லூரிகள் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களிடம் கட்டாயக் கட்டணங்களை முன்கூட்டியே வசூலிக்காமல் இருக்கவே 2012இல் அரசாணை 92 வந்தது. கிறிஸ்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கும் மாநில அரசு உதவித்தொகை உண்டு. ராயபுரத்தில் இது தெரியாமலே விட்டுவிடும் குடும்பங்கள் இருக்கின்றன.

கல்லூரிக்குள் நுழைந்த பிறகும் இதே கதைதான். கருத்தரங்கு, பயிற்சிப் பட்டறை, வேலைவாய்ப்பு முகாம், நான் முதல்வன் வகுப்பு என வளாகத்தில் ஆண்டு முழுவதும் ஏதாவது நடக்கிறது. குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராக, நான் முதல்வன் திட்டத்தில் ஆண்டுக்கு 1,000 பேரைத் தேர்வு வைத்து எடுத்து மாதம் 7,500 ரூபாய் தருகிறார்கள். வெளிநாட்டில் படிக்க மத்திய அரசு தரும் 125 இடங்களில் 115 இடங்கள் பட்டியல் சாதியினருக்கு. ஆனால் அறிவிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகிறது. துறை அலுவலகப் பலகையில் ஒட்டப்படும், அல்லது வாட்ஸ்அப்பில் ஓடி மறையும். மாலை 4 மணி நிகழ்ச்சிக்கு, கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலைப் பிடித்து ஊருக்கோ பகுதிநேர வேலைக்கோ ஓட வேண்டிய மாணவர் எப்படி வருவார்?

தூரமும் ஒரு தடைதான். 1891இல் தொடங்கிய சென்னை சட்டக் கல்லூரி, 1990இல் அண்ணலின் பெயரைப் பெற்றது. பாரிமுனையில், உயர் நீதிமன்றத்தை ஒட்டியே இருந்தது. திருவொற்றியூர் மாணவர் ஒரே பஸ்ஸில் போய்ச் சேரலாம். வகுப்பில் கேட்ட சட்டத்தைப் பக்கத்துக் கட்டடத்தில் வழக்காக நேரில் பார்க்கலாம். 2008 நவம்பர் 12 அன்று வளாகத்துக்குள் நடந்த சாதி மோதலை விசாரித்த நீதிபதி பி.சண்முகம் ஆணையம், கல்லூரியை இடம் மாற்றப் பரிந்துரைத்தது. மாணவர்களின் போராட்டத்தையும் மீறி 2018இல் அது பட்டறைபெரும்புதூர், புதுப்பாக்கம் என இரண்டாகப் பிரிந்தது. திருவள்ளூர் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரி அருகில் வந்தது உண்மை. ஆனால் நீதிமன்றமும் மூத்த வழக்கறிஞர்களின் அலுவலகங்களும் நகரத்திலேயே நின்றுவிட்டன. சாதி மோதலுக்கு விடையாகச் சாதியை வெளியேற்றாமல் கல்லூரியை வெளியேற்றினார்கள்.

எனவே நாம் கேட்பது புதிய திட்டங்களை அல்ல. பிளஸ் 2 மாணவர்களுக்குச் சாதி, வருமான, முதல் பட்டதாரிச் சான்றிதழ்களைப் பள்ளியிலேயே முகாம் போட்டு, பொதுத்தேர்வுக்கு முன் கொடுங்கள். விண்ணப்பக் காலத்தைக் குறைந்தது ஒரு மாதமாக்குங்கள். வளாக அறிவிப்புகளைத் தமிழிலும் எழுதி, கடைசித் தேதியைப் பெரிதாகப் போட்டு, மாணவர் விடுதி, ஊராட்சி அலுவலகம், கிளை நூலகம் ஆகியவற்றுக்கு அனுப்புங்கள். பயிற்சிகளை வகுப்பு நேரத்துக்குள் நடத்துங்கள். இவற்றுக்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

மாணவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். சான்றிதழ்களுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். வருமானச் சான்றிதழின் தேதியைப் பாருங்கள், பழையதென்றால் புதுப்பியுங்கள். வங்கிக் கணக்கு உங்கள் பெயரிலேயே, ஆதாருடன் இணைந்து இருக்கட்டும்; உதவித்தொகை நேராக அதில்தான் விழும். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே எஸ்.சி., எஸ்.டி. பிரிவு எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஏற்கெனவே படித்து முடித்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. இளைஞர் அம்பேத்கர் கல்லூரியில் படிக்கப் பணமின்றி நின்றபோது, அவரை பரோடா மன்னர் சாயாஜிராவிடம் அழைத்துச் சென்றவர் கிருஷ்ணாஜி கெலுஸ்கர் என்ற ஆசிரியர். அதனால் மாதம் 25 ரூபாய் உதவி கிடைத்தது. பிறகு 1913இல் அதே பரோடா அரசின் உதவித்தொகையில்தான் அவர் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். கெலுஸ்கர் தன் பணத்தைக் கொடுக்கவில்லை. எங்கே உதவி இருக்கிறது என்று அறிந்து, கையைப் பிடித்து அழைத்துப்போனார்.

நம் தெருவில் இந்த ஆண்டு பிளஸ் 2 எழுதிய பிள்ளை யார் என்று நமக்குத் தெரியும். தேர்வு முடிவு வரும் நாளில் வாழ்த்துச் சொல்லப் போகும்போது, சான்றிதழ் தயாரா என்றும் கேட்போம். இல்லையென்றால் மறுநாள் காலையிலேயே இ-சேவை மையத்துக்கு உடன் போவோம்.