கடிக்கும் நாய்க்கும் வீடு வேண்டும்

இறக்கக்கண்டியில் வளர்ந்த நாயொன்றை, அயலாரைக் கண்டால் உறுமுகிறது, உண்ணும்போது நெருங்கினாற் கடிக்க வருகிறது என்று கூறி, உடையவர்களே திருகோணமலையிலுள்ள காப்பகமொன்றில் ஒப்படைத்துள்ளனர். தெருவில் விடாதமைக்காக அவர்களைப் பாராட்டுகின்றோம். ஆனால் எதிரியின் பக்கத்தைக் கேளாமல் தீர்ப்பளிப்பது எமது தொழிலுக்கு வழக்கமன்று. நாள்முழுதும் சங்கிலியிற் கிடந்து, தடிக்கு அஞ்சி வளர்ந்த பிராணி வேறெவ்வாறு நடந்துகொள்ளும்?

1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விலங்குகளைக் கொடுமைப்படுத்துவோருக்கு விதித்த தண்டப்பணம் 100 ரூபா! 2006இல் அரசாங்கம் தெருநாய்களைக் கொல்வதை நிறுத்திற்று. உயிர் தப்பியவற்றுக்கு வீடு கொடுக்க வேண்டியவர்கள் நாமே.

குச்சவெளி, நிலாவெளிப் பக்கத்தில், வேலியடைத்த வளவுள்ள கமக்காரர் எவரேனும் இந்நாயை ஏற்பாராக. வீட்டிற் சிறுபிள்ளைகள் இருத்தலாகாது. ஆண்டுதோறும் விசர்நாய்த் தடுப்பூசி ஏற்றவேண்டும். உணவை வைத்துவிட்டு விலகி நிற்கவேண்டும். தடியை அதன் கண்ணிற் காட்டவே கூடாது.