"காய்கறி நிறைய சாப்பிடுங்க" என்று எழுதித் தருகிறோமே, அந்தக் காய்கறி மழையில் எப்படி வீடு வந்து சேரும்? (இழை)

1/ கொஞ்சம் காரமாவே எழுதப் போறேன். தென்காசி, குற்றாலம் பக்கம் மழை மாசத்துல அரசு மருத்துவமனைக்கு வர்ற வயசானவங்கள்ல பலரோட பிரச்சனை நோயில ஆரம்பிக்கல. வீட்டுக்குச் சாமான் வாங்கி வர்றதுல ஆரம்பிக்குது. இதை யாரும் மருத்துவப் பிரச்சனையா பார்க்கிறதே இல்லை.

2/ முதல்ல ஒண்ணு. "இப்பதான் எல்லார்கிட்டயும் வண்டி இருக்கே" என்பது பொய். தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) படி, நம்ம நாட்டில் கார் இருக்கும் வீடுகள் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. பைக் இருக்கு, சரி. அந்த பைக் காலையில மகனோட வேலைக்குப் போயிடுது. வீட்டில் இருப்பது மூட்டுவலியோட ஆச்சியும் ஒரு வயர் கூடையும்தான்.

3/ மத்த ஊருக்கு ஒரு மழைக்காலம். நமக்கு ரெண்டு. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரை சாரல். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை அடைமழை. கிட்டத்தட்ட அரை வருஷம் தரை ஈரம். சாரல்ல நனையறது சுற்றுலா வர்றவங்களுக்கு சுகம். தலையில ரேஷன் அரிசியோட நனையறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க.

4/ இப்ப கணக்கு. அரிசி கார்டுக்கு மாசம் 20 கிலோ வரை அரிசி. அந்த்யோதயா கார்டுன்னா 35 கிலோ. அதோட பருப்பு, பாமாயில், சீனி. 45 கிலோ எடையுள்ள 65 வயசு அம்மா, தன் எடையில பாதியைத் தூக்கிட்டு, தேஞ்ச ரப்பர் செருப்போட, பாசி பிடிச்ச படியில இறங்கணும். ஜிம்மில் பயிற்சியாளர் பக்கத்தில் நின்றாலும் இந்த வயதில் இதைச் செய்ய விடமாட்டார்.

5/ "பெண்களுக்குத்தான் பஸ் இலவசமாச்சே?" ஆமா, 2021 மே 8 முதல் நகரப் பேருந்தில் இலவசம். அருமையான திட்டம், குறையே சொல்ல மாட்டேன். ஆனா பஸ் நிறுத்தத்தோட நின்னுடும். நிறுத்தத்துல இருந்து வீடு வரைக்கும் உள்ள சேறும், மூடி இல்லாத வாறுகாலும், எரியாத தெருவிளக்கும்தான் ஆளை விழ வைக்குது.

6/ விழுந்தா என்ன ஆகும்? வயசான பெண்களுக்கு எலும்பு ஏற்கெனவே தேஞ்சிருக்கும். ஒரு சறுக்கல் போதும், இடுப்பெலும்பு முறிஞ்சிடும். அப்படி முறிஞ்ச முதியவர்களில் ஐந்தில் ஒருவர் வரை ஒரே வருஷத்துக்குள் இறந்துபோறாங்க என்று உலகம் முழுக்க ஆய்வுகள் சொல்லுது. பிழைச்சவங்கள்ல பலர் பழையபடி தனியா நடக்கிறதில்லை. "வழுக்கி விழுந்துட்டாங்க" என்று ஒரு வரியில முடிச்சிடுறோம். எதுக்காக அந்த மழையில வெளியே போனாங்க என்பதை யாரும் எழுதுறதில்லை.

7/ சரி, விழ பயந்து வீட்டிலேயே இருந்தா? அது அடுத்த ஆபத்து. "மழையில எங்க சார் போறது, சோறு இருக்கு, ஊறுகா இருக்கு, போதும்." ஒரு வாரம் சோறு, ரசம், ஊறுகாய், அப்பளம், வத்தல். காய் இல்லை, பருப்பு இல்லை, முட்டை இல்லை. உப்பும் மாவுச்சத்தும் மட்டும்.

8/ ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள்ள இருங்க என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்தா அந்த அளவு எங்கேயோ போயிடும். ரத்த அழுத்தம் ஏறும். இதயம் பலவீனமானவங்களுக்கு கால் வீங்கி, மூச்சு வாங்கி, ராத்திரியோட ராத்திரியா ஆட்டோவில் கொண்டு வருவாங்க.

9/ சர்க்கரை நோயாளிக்கு ரெண்டு பக்கமும் அடி. வெறும் சோறு சாப்பிட்டா சர்க்கரை ஏறும். சாமான் தீர்ந்து ஒரு வேளை சாப்பிடாம, கிளிமிப்ரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரையை மட்டும் போட்டா, சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கம் வரும். இது உயிர் போகும் விஷயம்.

10/ காலில் புண்ணோட தேங்கின தண்ணியில நடந்தா எலிக்காய்ச்சல் வரலாம். அப்படி நடந்த பிறகு காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு இருந்தா கடையில மாத்திரை வாங்கி முழுங்காதீங்க. நேரா ஆரம்ப சுகாதார நிலையம் போங்க. "தண்ணியில நடந்தேன்" என்று மறக்காம சொல்லுங்க.

11/ இப்ப வழக்கமா வர்ற மூணு பதில்கள்.
"ஆன்லைன்ல ஆர்டர் பண்ணலாமே?" பட்டன் போன் வச்சிருக்கிற ஆச்சிகிட்ட போய் இதைச் சொல்லுங்க.
"நடக்கிறது உடம்புக்கு நல்லதுதானே?" நல்லதுதான். ஒரு கையில பத்து கிலோ பையோட வழுக்குற தரையில நடக்கிறது நல்லதில்லை.
"அந்தக் காலத்துல நடக்கலையா?" நடந்தாங்க. அப்ப பல வீடுகளில் குதிரில் நெல் இருந்தது, கொல்லையில முருங்கை நின்னது, தூக்க நாலு பிள்ளைங்க கூட இருந்தாங்க. இன்னைக்குப் பிள்ளைங்க திருப்பூர்ல, சென்னையில, கேரளாவுல.

12/ அரசால முடியாதா? முடியும். மெயினருவியில தண்ணி பாதுகாப்பு வளைவைத் தாண்டினா உடனே குளிக்கத் தடை போடுறாங்க. ரொம்ப சரி. குளிக்க வர்றவங்க உயிரை அவ்வளவு கவனமா பார்க்கிற ஊர்ல, ரேஷன் கடைப் படி வழுக்குதா என்று யார் பார்க்கிறா?

13/ 2021 ஆகஸ்ட் 5-ல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருது. 2025 ஆகஸ்ட் 12-ல தொடங்கின 'தாயுமானவர்' திட்டம் 70 வயசு தாண்டினவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷனை வீட்டு வாசல்ல தருது என்ற நோக்கத்தோட வந்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டவங்களுக்கான திட்டம். ஆக, வழி இருக்கு.

14/ ஆனா 62 வயசுல முழங்கால் போனவங்க? அறுவை சிகிச்சை முடிஞ்சு ஆறு வாரம் ஆனவங்க? கைக்குழந்தையோட தனியா இருக்கிற பொண்ணு? வயசு மட்டும் அளவுகோலா இருந்தா இவங்க எல்லாரும் வெளியே நிக்கிறாங்க. "எடை தூக்கக் கூடாது" என்று அரசு மருத்துவர் எழுதிக் கொடுத்தாலே வீட்டுக்கு ரேஷன் வரணும். இதுதான் என் முதல் கோரிக்கை.

15/ இரண்டாவது, அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கடை தூரமா இருக்கிற குக்கிராமங்களில் பகுதி நேரக் கடை. மூணாவது, ஒவ்வொரு ரேஷன் கடை வாசலிலும் கூரை, வழுக்காத படி, பிடிச்சு இறங்க ஒரு கம்பி. இதுக்குக் கோடிகள் வேண்டாம். ஒரு இடுப்பு அறுவை சிகிச்சைக்கு ஆகும் செலவில் பல கடைகளுக்குக் கம்பி போடலாம்.

16/ அதுவரை நீங்க செய்ய வேண்டியது:
• கடைக்குப் போக முடியாதவங்க, வேறொருவர் வாங்க அங்கீகாரச் சான்று கேட்கலாம். மாசத்தின் இரண்டாவது சனிக்கிழமை தாலுகா அளவில் நடக்கும் பொது விநியோகத் திட்ட குறைதீர் முகாமில் மனு கொடுங்க. புகாருக்கு 1967.
• மழைக்கு முன்னாடியே பாசிப்பயறு, கொண்டக்கடலை, முட்டை, பூசணி, சேனை, வெங்காயம் வாங்கி வையுங்க. எல்லாம் சில நாள் தாங்கும். முருங்கைக்கீரை பக்கத்துல எங்கேயாவது இருக்கும்.
• எடையை ரெண்டு கையிலும் சமமா பிரிங்க. தேஞ்ச செருப்பைத் தூக்கிப் போடுங்க.
• தெருவுல நாலு வீடு சேர்ந்து ஒரு ஆட்டோ பேசுங்க.

17/ பைக், கார் வச்சிருக்கிற உங்களுக்கு ஒண்ணு. இந்த வாரம் மார்க்கெட் போகும்போது பக்கத்து வீட்டு ஆச்சிகிட்ட "ஏதாவது வாங்கணுமா?" என்று கேளுங்க. தர்மம் இல்லை இது, நோய்த்தடுப்பு.

18/ சக மருத்துவர்களுக்கும் ஒண்ணு. உணவு அட்டவணை எழுதும்போது கூடவே ஒரு கேள்வி கேளுங்க: "வீட்டுக்குச் சாமான் யார் வாங்கிட்டு வருவா?" அதுக்குப் பதில் இல்லைன்னா அந்த அட்டவணை வெறும் காகிதம்தான்.

உங்க ஊர் ரேஷன் கடை வாசல் மழையில எப்படி இருக்கும்? ஒரு படம் எடுத்துப் போடுங்க, பார்ப்போம்.