பென் டிரைவுக்கும் ஒரு பரீட்சை

உறையில் 64 ஜி.பி. என்றிருக்கும், கம்ப்யூட்டரும் அப்படியே காட்டும். உள்ளே இருப்பதோ 8 ஜி.பி.யாக இருக்கலாம்! போலிப் பென் டிரைவில், கொள்ளளவைச் சொல்லும் சில்லையே பொய் சொல்லப் பழக்கிவிடுகிறார்கள். 8 ஜி.பி. நிரம்பியபின் எழுதுவது பழையதன் மேலேயே விழும், அல்லது காணாமற்போகும்.

எனவே, பாடங்களைச் சேமிக்குமுன் சோதியுங்கள். எங்கும் ஒரே எண்ணை எழுதினால் பொய் வெளிப்படாமலே போகலாம். எங்கே படித்தாலும் அதே எண்தானே வரும்? ஒவ்வோர் இடத்திலும் அந்த இடத்தின் வரிசை எண்ணையே எழுதி, முழுதும் நிரப்பிய பிறகே முதலிலிருந்து படிக்க வேண்டும்.

ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் வேண்டாம் என்பேன். வட்டின் பெயரை மாற்றித் தட்டிவிட்டால் அப்பாவின் கணக்கு வழக்கெல்லாம் போய்விடும். 2012-இல் வெளிவந்த ராஸ்பெரி பை போன்ற மலிவான ஒற்றைப் பலகைக் கம்ப்யூட்டரே போதும். இரவு முழுதும் அது பாட்டுக்கு ஓடட்டும். தவறு நேர்ந்தாலும் அழிவது அதன் மெமரி கார்டில் உள்ளது மட்டுமே. அதை மறுபடி எழுதிக்கொள்ளலாம்.