வெயிலில் ஒரு வேலை

"படித்து முடித்து என்ன ஆகப் போகிறாய்?" என்று வீட்டுக்கு வருவோர் எல்லாம் கேட்கின்றனர். ஆசிரியை, செவிலி, வங்கி அலுவலர் என்றால் மகிழ்வர். "நில அளவர் ஆவேன்" என்று நான் கூறியதும் சிரித்தனர். "வெயிலில் அலையும் வேலை பெண்பிள்ளைக்கு எதற்கு?" என்றார் அம்மா. அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. இம்மலரின் வழியே இன்று சொல்கிறேன்.

சென்ற கோடை விடுமுறையில் தாத்தாவின் ஊருக்குச் சென்றிருந்தேன். ஒரு வரப்புக்காகத் தாத்தாவும் பக்கத்து வயல்காரரும் பதினோர் ஆண்டுகளாகப் பேசுவதில்லை. அளந்து காட்ட வந்தவர் ஒரு பெண் நில அளவர். புலப்படத்தை விரித்துப் பார்த்தார். கருவேல முள்ளை விலக்கி, மண்ணில் புதைந்திருந்த பழைய எல்லைக் கல்லைக் கண்டுபிடித்தார். வயலின் ஊடே நேர்கோடு பிடித்து, அதிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் செங்குத்தாக அளந்தார். நாம் நோட்டுப் புத்தகத்தில் வரையும் முக்கோணங்களை அன்று மண்ணில் கண்டேன்!

முடிவில், எங்கள் வரப்புத்தான் அடுத்தவர் நிலத்தில் மூன்றடி புகுந்திருந்தது. தாத்தாவின் முகம் வாடியது. ஆயினும் மறுநாள் காலை அவரே மண்வெட்டியுடன் சென்று வரப்பை வெட்டினார். எல்லைக் கல்லை நகர்த்தலாகாது என்று விவிலியம் கூறுவதன் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது.

பாட்டி மோர் கொடுத்து, "இந்த வெயிலில் ஏன் தாயி இந்தப் பாடு?" என்றார். "நாற்று நடும் பெண்களும் இதே வெயிலில்தானே பாட்டி நிற்கிறார்கள்?" என்றார் அவர். எவ்வளவு உண்மை! கூலிக்குக் குனிந்து நிற்கும் பெண்ணைச் சுடாத வெயில், கருவியோடு நிமிர்ந்து நிற்கும் பெண்ணை மட்டும் சுட்டுவிடுமோ?

இந்தியாவை அளந்த மாபெரும் பணி 1802-இல் நம் பரங்கிமலை அருகேதான் தொடங்கியது. அதற்கு முன்பே, 1794-இல், சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்று எழுந்தது. அதுவே இன்றைய கிண்டிப் பொறியியற் கல்லூரி. அங்கே முதல் மாணவியாக லலிதா சேர்ந்தது 1940-இல்தான். நூற்று நாற்பத்தாறு ஆண்டுகள் காத்திருந்து திறந்த கதவு அது. அதை நாமே மூடலாமா?

வழிகள் பல உண்டு, தோழியரே! பத்தாம் வகுப்பு முடித்தோர் ஐ.டி.ஐ.யில் நில அளவர் பயிற்சி பெறலாம். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ படிக்கலாம். மேல்நிலையில் கணிதம் பயின்றோருக்குப் புவித்தகவலியல் பொறியியற் படிப்பு உண்டு. அரசுப் பணிக்குத் தேர்வாணையத்தின் தேர்வு எழுத வேண்டும். சாலையும் இரயில் பாதையும் அணையும் அமையுமுன் அளவையே முதலில் வருவதால், தனியார் துறையிலும் வேலை உண்டு. அன்று 66 அடிச் சங்கிலி. இன்று டோட்டல் ஸ்டேஷனும் டிரோனும் வந்துவிட்டன. எனினும், புதருக்குள் கல்லைத் தேட ஒருவர் நடந்துதான் ஆகவேண்டும்.

இடர்கள் இல்லை என்று கூறேன். வயற்காட்டில் கழிவறை இல்லை. தொலைவான ஊர்களிலிருந்து இருட்டியபின் திரும்ப நேரிடும். தோற்றவர் கோபமும் அளந்தவர் மீதே பாயும். ஆனால் இவை திருத்தப்பட வேண்டிய குறைகளே அன்றி, மகளை வீட்டில் நிறுத்தி வைக்கும் காரணங்கள் அல்ல.

பெற்றோர்களே, மகளுக்குக் குடை கொடுங்கள், தடை போடாதீர்கள். என் அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. ஆனால் சென்ற வாரம் எனக்கென்று ஓர் அகலமான தொப்பி வாங்கி வந்தார்.

— பதினோராம் வகுப்பு மாணவி