போர்க்காலத்து ராணிகள்



"ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யார், நான் யார்?" என்று நம் பெரியோர் சொல்வார்கள். போர் என்னும் ஆற்றைக் கடக்கும்போது நாடுகள் பெண்களை எவ்வாறு புகழ்கின்றன, கரையேறிய பின் எவ்வாறு மறக்கின்றன என்று எண்ணும்போது இப்பழமொழியே நம் நினைவுக்கு வருகிறது.

இதற்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவைச் சேலத்தார் யாவரும் அறிவோம். டி. ஆர். சுந்தரம் அவர்கள் நிறுவிய அந்நிறுவனம் 1945-ஆம் ஆண்டில் 'பர்மா ராணி' என்னும் படத்தை வெளியிட்டது. அது இரண்டாம் உலகப் போர்க் காலம். போருக்கு ஆதரவான படங்களை எடுக்குமாறு ஆங்கில அரசு படத் தயாரிப்பாளர்களை வற்புறுத்தியது. கச்சாப் பிலிமும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்ததால் மறுப்பது எளிதன்று. ஜப்பானியர் பிடியிலிருந்த பர்மாவில் சிக்கிக்கொண்ட இந்திய விமானப் படை வீரர்களுக்குத் துணை நிற்கும் ஒரு வீரப் பெண்ணின் கதை அது. கே. எல். வி. வசந்தா கதாநாயகியாக நடித்தார். சுந்தரம் அவர்களே ஜப்பானிய அதிகாரியாக வேடமேற்றார்.

பர்மா என்பது அன்றைய தமிழ் மக்களுக்கு வெறும் பெயரன்று. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. ஆயிரக்கணக்கான தமிழர்கள் காடும் மலையும் கடந்து கால்நடையாகத் தாயகம் திரும்பினர். தானிய வியாபாரம் தழைத்த செவ்வாய்ப்பேட்டையில் வாழும் நமக்கு, அரிசி வராவிட்டால் வீடு என்ன பாடுபடும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பிரசாரம் என்பது பொய்யை மட்டும் நம்பித் தொழில் செய்வதில்லை. மக்கள் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் அச்சத்தையும் அன்பையும் எடுத்துத் தன் பக்கம் திருப்புவதே அதன் திறமை.

இனி, மறுபக்கத்தையும் பாருங்கள். ஆங்கிலேயர் பக்கம் ஒரு ராணியைத் திரையில் காட்டிய அதே போரில், எதிர்ப்பக்கத்திலும் ராணியின் பெயர் ஒலித்தது. நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் 1943-இல் சிங்கப்பூரில் 'ஜான்சி ராணி' படைப்பிரிவைத் தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற டாக்டர் லட்சுமி அதன் தலைவியானார். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்ப் பெண்கள் பலர் அதில் சேர்ந்து துப்பாக்கிப் பயிற்சி பெற்றனர். பால்வெட்டிய கைகள் ஆயுதம் ஏந்தின!

இரு பக்கமும் ஒன்றையொன்று பகையாகக் கருதின. ஆயினும் இரண்டும் பெண்ணின் வீரத்தைக் காட்டியே மக்களை அழைத்தன. இவ்விரண்டையும் நாம் ஒரே தராசில் நிறுக்கவில்லை. திரையில் தோன்றியது அரசின் தேவைக்காக எழுதப்பட்ட வீரம். தோட்டத்துப் பெண்கள் தாமே முன்வந்து காட்டியது உண்மை வீரம். ஆனால் நாம் கேட்கும் கேள்வி வேறு. போர் முடிந்த பின் பெண்ணின் கையில் என்ன மிஞ்சியது?

மேல்நாடுகளிலும் இதே கதைதான். பிரிட்டனில் 1941 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 20 முதல் 30 வயது வரையுள்ள மணமாகாத பெண்கள் போர்ப்பணிக்கு அழைக்கப்பட்டனர். அமெரிக்காவில் 'ரோஸி' என்னும் கற்பனைப் பெண்ணின் பெயரால் தொழிற்சாலைகளுக்குப் பெண்கள் வரவேற்கப்பட்டனர். ஆண்கள் போர்முனையிலிருந்து திரும்பியதும் அவர்களுள் பலர் வேலையிழந்து வீடு திரும்பினர்.

நம் நாட்டுக் கணக்கையும் பார்ப்போம். 1943-இல் தமிழ்ப்பெண் துப்பாக்கி ஏந்தினாள். சுதந்திர இந்தியாவின் தரைப்படையிலோ, மருத்துவம், செவிலியர் பணி நீங்கலான பிற பிரிவுகளில் பெண்கள் அதிகாரிகளாகச் சேர 1992 வரை, அதாவது 49 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆண்களைப் போல நிரந்தரப் பணி பெறும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2020 பிப்ரவரியில்தான் உறுதி செய்தது. உடல் வலிமை, குடும்பப் பொறுப்பு என்று சொல்லப்பட்ட காரணங்களை நீதிமன்றம் ஏற்கவில்லை. தேசியப் பாதுகாப்பு அகாடமியில் 2022-இல்தான் முதல் பெண்கள் அணி சேர்ந்தது.

"போர் வந்ததால்தானே பெண் வெளியே வந்தாள்?" என்று சிலர் கேட்கக்கூடும். அதில் ஓரளவு உண்மை உண்டு. போர் கதவைத் திறக்கிறது. ஆனால் திறந்த கதவு மூடாமல் காப்பது கல்வியும் சட்டமுமே. 2025 மே மாதம் நம் படை நடவடிக்கை ஒன்றுக்குப் பெண்ணின் நெற்றிக் குங்குமத்தைக் குறிக்கும் 'சிந்தூர்' என்ற பெயர் சூட்டப்பட்டது. அதை நாட்டுக்கு எடுத்துரைத்தவர்களுள் கர்னல் சோபியா குரேஷி, விங் கமாண்டர் வியோமிகா சிங் ஆகிய இரு பெண் அதிகாரிகளும் இருந்தனர். காக்கப்பட வேண்டியவள் என்ற படமும், காப்பவள் என்ற படமும் அன்று ஒருங்கே நம் முன் நின்றன. அவர்களைக் கண்டு நாம் பெருமை கொண்டோம். ஆனால் அந்த மேடையை அவர்களுக்கு அளித்தது அந்தச் சில நாட்களின் போர் அன்று. கர்னல் குரேஷி அவர்களின் சாதனை 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே எடுத்துக்காட்டாக இடம்பெற்றிருந்தது.

ஆகவே தோழியரே, பெண்மையைப் போற்றும் படத்தையோ, பாட்டையோ, சுவரொட்டியையோ காணும்போது மூன்று கேள்விகள் கேட்போம். இதைச் சொல்பவர் யார்? இப்போது நம்மிடம் எதை எதிர்பார்க்கிறார்? தேவை தீர்ந்த பிறகும் அந்த மதிப்பு நிலைக்குமா? பெற்றோருக்கும் நாங்கள் ஒன்று சொல்ல விரும்புகிறோம். நெருக்கடி வந்தால் எங்களால் முடியும் என்று நம்பும் நீங்கள், அமைதிக் காலத்திலும் அவ்வாறே நம்பி எங்களை மேலே படிக்க வையுங்கள்.

நமக்கு வேண்டியது ராணிப் பட்டமன்று. போர் இல்லாத நாளிலும் நீடிக்கும் உரிமையே வேண்டும். அதைக் கற்றுப் பெறுவோம்; பெற்றதைக் காப்போம்!

— பத்தாம் வகுப்பு மாணவி