கழிதலும் கழித்தலும்

காலம் மாறுங்கால் பழையன நீங்கிப் புதியன வருதல் குற்றமன்றென்பது நன்னூலார் துணிபு. அச்சூத்திரத்தைத் துணையாகக் கொண்டு பழையவற்றையெல்லாம் ஒரே நாளில் அகற்றிவிட விரைவோர் பலர். அவர்கள் ஒன்றை நோக்கினாரல்லர். ஆசிரியர் ‘கழிதல்’ என்றாரேயன்றிக் ‘கழித்தல்’ என்றாரில்லை. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. இவ்விரண்டற்குமுள்ள வேறுபாடு இலக்கண வகுப்போடு முடிவதன்று. கடிதம் பெறுவோர் ஒவ்வொருவரையும் தொடுவதாகும்.

எம்மூராகிய சங்கரன்கோவில் நெடுங்காலம் திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 2019-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் தென்காசி தனி மாவட்டமாயிற்று. எம்மூரும் அதன்கண் அடங்கிற்று. ஆயினும் எம் இல்லத்திற்கு வரும் கடிதங்களுட் சில இன்றும் பழைய மாவட்டத்தின் பெயரையே தாங்கி வருகின்றன. அவை வழி தவறுவதில்லை. என்னை? 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கப்பெற்ற அஞ்சற் குறியெண் முறையில் எம்மூர்க்குரிய 627756 என்னும் எண் மாறவில்லை. மாவட்டம் மாறிற்று, கடிதம் வரும் வழி அடைபடவில்லை.

கணிப்பொறியினுள்ளும் அஞ்சல் உண்டு. ஆங்கும் இத்தகைய இடமாற்றம் ஒன்று நிகழ்ந்தது. யூனிக்ஸ் வழிவந்த அமைப்புக்களில் பலர் ஒரே பொறியைப் பயன்படுத்துவர். ஒவ்வொருவர்க்கும் வரும் மடல்கள் அவரவர் பெயர் பூண்ட கோப்பிற் சேரும். அக்கோப்புக்களெல்லாம் ஒரு பொதுக் கோப்பகத்தில் இருக்கும். லினக்ஸ் அமைப்புக்களில் அக்கோப்பகம் ‘/வார்/ஸ்பூல்/மெயில்’ என்னும் பெயரால் வழங்கிற்று. பிற யூனிக்ஸ் அமைப்புக்களுட் பெரும்பாலானவற்றில் ‘/வார்/மெயில்’ என வழங்கிற்று. வெவ்வேறு அமைப்புடைய பொறிகள் பல ஒரே அஞ்சற் கோப்பகத்தைப் பகிர்ந்துகொள்ளுமிடத்து இவ்வேறுபாடு இடர் தந்தது. ஆதலின், 2000-ஆம் ஆண்டு வெளிவந்த கோப்பு முறைமைப் படிநிலைத் தரத்தின் 2.1-ஆம் பதிப்பு, ‘/வார்/மெயில்’ என்பதையே முறையான பெயரென விதித்தது.

விதித்தோர் காட்டிய நிதானம் போற்றத்தக்கது. மடல்களை உடனே பெயர்த்தெடுத்து வைக்க வேண்டுவதில்லை. புதிய பெயரால் அவற்றை அணுக இயன்றாற் போதும். நிரல்கள் மட்டும் புதிய பெயரையே வழங்குதல் வேண்டும் என்றனர். இதற்குத் துணைசெய்வது சிம்பாலிக் லிங்க் என்னும் இணைப்பு. மற்றோர் இடத்தின் முகவரியை மட்டும் தன்னுட் கொண்டு, வந்தவரை ஆங்குச் செலுத்தும் சிறு கோப்பே அது. டெபியன் அமைப்பு மடல்களைப் புதிய இடத்தில் வைத்துப் பழைய பெயரை இணைப்பாக்கிற்று. ரெட்ஹாட் அமைப்பு மடல்களைப் பழைய இடத்திலேயே வைத்துப் புதிய பெயரை இணைப்பாக்கிற்று. முறை தலைகீழாயினும் பயன் ஒன்றே.

இணைப்பு இன்றிக் கோப்பகங்கள் இரண்டு தனித்தனியே இருந்திருப்பின் யாதாகும்? அஞ்சல் சேர்க்கும் நிரல் மடலைப் புதிய இடத்தில் இடும்; அதனைப் படித்துக் காட்டும் பழைய நிரலோ பழைய இடத்தில் தேடும். பிழையென்று எதுவும் தோன்றாது. மடல் ஒன்றுமில்லை என்றே தோன்றும். மடல் வந்துமிருக்கும், உரியவர் காணாமலுமிருப்பர். ஆதலின் வாயில் இரண்டிருக்கலாம். பெட்டி ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

பழைய வாயிலைத் திறந்து வைத்தால் எவரும் புதிய வாயிலுக்கு வாரார் என்பர் சிலர். அஃது ஓரளவு மெய்யே. அதனாலன்றோ நிரல் எழுதுவோர்க்குப் புதிய பெயர் கடமையாக்கப்பட்டது? ஆனால் பழைய நிரல் ஒன்றை எழுதியவர் இன்று இல்லாதிருக்கலாம். அதனைப் பயன்படுத்துவோர் அதைத் திருத்த அறியாதவராயிருக்கலாம். இடமாற்றம் அவர் வேண்டிக்கொண்டதன்று. மாற்றத்தின் சுமையை மாற்றியவரே தாங்குதல் நீதி. அச்சுமையோ ஒரு சிறு இணைப்பினும் பெரிதன்று. அதனைத் தாங்க மறுத்து, பழைய வழியே வந்தவரைப் பழமைவாதி என்று இகழ்தல் முறையாகாது.

இனி, பழைய வாயில் என்றும் திறந்தே இருத்தல் வேண்டும் என்பதும் எம் கருத்தன்று. அவ்வழியே வருவோர் ஒருவருமிலர் என நன்கு ஆராய்ந்து அறிந்தபின் அதனை மூடலாம். அந்நாளில் அது கழிந்ததாகும், கழிக்கப்பட்டதாகாது. எம் இல்லத்து முகவரியிலும் ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்னும் தொடர் ஒருநாள் தானே நின்றுபோம். அதுகாறும் அப்பெயர் தாங்கி வரும் கடிதத்தை அஞ்சற்காரர் எம் வாயிலிற் சேர்த்துச் செல்வதே தக்கது.